எஸ்யூ கார்புரேட்டருக்குப் புஷ் போடலாம், வாங்க

என் எம்ஜிபி காரில் இருப்பது இரட்டை எஸ்யூ ஹெச்எஸ்4 கார்புரேட்டர். எத்தனை முறை டியூன் செய்தாலும் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஒரு வாரம் தாங்காது. கடைசியில், வண்டி ஓடும்போது திராட்டில் ஷாஃப்டின் (காற்றுத் தட்டைத் திருப்பும் தண்டு) முனையில் கார்ப் கிளீனரை ஒரு சொட்டு விட்டேன். உடனே ஆர்பிஎம் தடுமாறியது. ஷாஃப்ட் சுழலும் துளை தேய்ந்து, அந்தச் சந்து வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. துளையைப் பெரிதாக்கி, அதில் வெண்கலப் புஷ் (ஷாஃப்ட் உள்ளே சுழலும் சின்னக் குழாய்) இறுக்குவதுதான் வழி. (சைலன்சர் மேனிஃபோல்டும் அதே பக்கம்தான். பீய்ச்சி அடிக்காதீர்கள், பற்றிக்கொள்ளும்.)

1. பட்டர்ஃபிளை (ஷாஃப்டில் இருக்கும் காற்றுத் தட்டு) எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று குறித்துவிட்டுக் கழற்றுங்கள். அதன் இரண்டு ஸ்குரூக்களின் வால் பிளந்து விரிந்திருக்கும். பிளையரால் நெருக்காமல் திருகினால் ஷாஃப்டின் மரை போச்சு. புது ஸ்குரூ, புது ஷாஃப்ட் வாங்கிவிடுங்கள்.

2. துளையைப் பெரிதாக்க வேண்டும். நான் கோட்டை விட்டது இங்கேதான். முதல் கார்புரேட்டரின் பாடியை டிரில்லிங் மெஷினில் வைத்து ஒரு பக்கம் போட்டேன், திருப்பி மறுபக்கம் போட்டேன். தேய்ந்த துளை முட்டை வடிவத்தில் இருக்குமா, டிரில் பிட் அந்தச் சரிவிலேயே வழுக்கிப் போய்விட்டது. புஷ் இறுக்கி ஷாஃப்டை நுழைத்தால் பாதியிலேயே நின்றது. இரண்டு துளைக்கும் ஒரே நேர்கோடு இல்லை. அந்தப் பாடி இப்போது மேசையில் பேப்பர் வெயிட்.

இரண்டாவதை லேத்தில் போட்டேன். 7 மி.மீ. தடிப்பில் ஒரு போரிங் பார் (துளையை உள்ளே வெட்டும் கம்பி), நடுவில் குறுக்கே ஒரு சின்ன ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட். பார் இரண்டு துளைக்குள்ளும் புகுந்து லேத்தின் இரண்டு சென்டர்களுக்கு (இரு முனையிலும் தாங்கும் கூம்புகள்) நடுவே சுழலும். பாடி கிராஸ் ஸ்லைடில் போல்ட் போட்டு நிற்கும். அதைச் சுமக்கும் கேரியேஜை நகர்த்தினால் இரண்டு துளையும் ஒரே அச்சில் வெட்டுப்படும். முதலில் பாருக்குப் பதில் இரண்டரை நூல் (5/16 அங்குலம், ஷாஃப்டின் தடிப்பு) கம்பியை மாட்டி, தேயாத உள்விளிம்புகளில் அது ஒட்டி நிற்கும்வரை பாடியின் அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள். ஒரு மாலை முழுக்க இதற்கே போனது, போகட்டும்.

பிட் எவ்வளவு நீட்டுவது? பாரின் முதுகிலிருந்து பிட் முனைவரை மைக்ரோமீட்டரில் 8.25 மி.மீ. காட்டினால் துளை 9.50 வரும். மூன்று நூல் (3/8 அங்குலம்) புஷ்ஷின் வெளிவிட்டம் 9.525, இறுக்கம் சரியாக இருக்கும். இந்த அளவுக்கு ஒரேயடியாகப் போகாமல் மூன்று நான்கு வெட்டாகப் போங்கள். அலுமினியம் பிட்டில் அப்பும், மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள்.

3. புஷ்ஷை வைஸில் வைத்து மெதுவாக அழுத்துங்கள், சுத்தியல் வேண்டாம். உள்ளே துருத்தினால் பட்டர்ஃபிளை மூடாது. அழுத்தியதும் உள்விட்டம் சுருங்கும், அதனால் நீண்ட இரண்டரை நூல் ரீமரை (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) இரண்டு புஷ்ஷிலும் ஒரே ஓட்டமாகக் கையால் விடுங்கள். அட்ஜஸ்டபிள் ரீமர் பக்கமே போகாதீர்கள்.

4. பட்டர்ஃபிளை ஸ்குரூக்களை லேசாக வைத்து, ஷாஃப்டை மூடி, தட்டு தானே நடுவில் உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். வாலை மறுபடி விரிக்க மறக்காதீர்கள். கழன்றால் நேரே எஞ்சினுக்குள்தான்.

பின்சேர்க்கை: "வெபர் டிசிஓஇ கார்புரேட்டர் மாதிரி பால் பேரிங் போடலாமா?" என்று இருவர் கேட்டார்கள். வழவழவென்று சுற்றும், ஆனால் பேரிங் மட்டும் காற்றை அடைக்காது, தனியாக சீல் வேண்டும். ஹெச்எஸ்4க்கு வெண்கலப் புஷ்ஷே போதும் என்பேன். இன்னொருவருக்கு எல்லாம் போட்டும் ஐடிலிங் இறங்கவில்லை. அவருடைய பட்டர்ஃபிளையில் ஒரு குட்டி ஸ்பிரிங் வால்வு இருந்திருக்கிறது, பிந்தைய மாடல்களில் வரும். ஸ்பிரிங் தளர்ந்து அதுவே காற்று விட்டிருக்கிறது. வால்வு இல்லாத தட்டு மாட்டினார், ஐடிலிங் இறங்கிவிட்டது.