பாலிப் அகற்றிய பின்னும் உதிரப்போக்கு திரும்பினால்

கருப்பையின் உள்சுவரில் இருந்த பாலிப்பை (சிறு சதை வளர்ச்சி) அகற்றிச் சில மாதங்களில் உதிரப்போக்கு மீண்டும் தொடங்கினால், பாலிப் திரும்ப வளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டுமுன் பழைய மருத்துவக் கோப்பை எடுத்துப் பாருங்கள். அறுவை சிகிச்சைக் குறிப்பில் டி அண்ட் சி என்று மட்டும் இருந்தால், உள்ளே பாராமலே கருவியைச் செலுத்திச் சுரண்டியிருக்கிறார்கள். காம்பில் தொங்கும் பாலிப் அப்போது நழுவி, முழுதாகவோ பாதியாகவோ தங்கிவிடுவதுண்டு. ஹிஸ்டரோஸ்கோபி என்றிருந்தால், நுண் கேமராவில் பார்த்து அடியோடு அகற்றியிருப்பார்கள். அதன் பின்னும் வந்தால்தான் புதிய வளர்ச்சி என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

அந்தக் கோப்பில் பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவும் இருக்க வேண்டும். பெரும்பாலான பாலிப்கள் தீங்கற்றவை என்றாலும், திசு தடித்திருப்பதாக அதில் எழுதியிருந்தால் அடுத்த சிகிச்சையே மாறிவிடும். அந்த முடிவு கோப்பில் இல்லையென்றால் மருத்துவமனையில் கேட்டுப் பெறுங்கள்.

பால் வராத நாளை மாத நாட்காட்டியில் குறித்துவைப்பது நம் வீடுகளில் பழக்கம்தான். அதே பென்சிலால் உதிரம் தொடங்கிய நாளையும் மாற்றிய நாப்கின்களின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். மாதவிலக்கு 24 முதல் 38 நாட்களுக்கு ஒருமுறை வந்து, 8 நாட்களுக்குள் நிற்பது இயல்பு. விலக்கு முடிந்தவுடன் உள்சவ்வு மெலிந்திருக்கும் என்பதால், பிறப்புறுப்பு வழி ஸ்கேனுக்கு அந்த நாட்களே ஏற்றவை. ஐயம் தீராவிட்டால், உப்புநீர் செலுத்திச் செய்யும் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.

பாலிப் இல்லையென்றால் தசைக்கட்டி, தைராய்டு குறைபாடு, சினைமுட்டை வெளிவராத சுழற்சி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். உடல் பருமனும், மார்பகப் புற்றுநோய்க்கான தமாக்சிஃபென் மாத்திரையும் பாலிப் உருவாகும் வாய்ப்பைக் கூட்டும். பாலிப் மீண்டும் மீண்டும் வருபவர்களுக்கு, லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் கசியும் கருப்பைச் சாதனம் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். கருத்தரிக்க விரும்புபவர்களுக்கு அது உதவாது.

ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை ஃபில்டர் காபியோடு விழுங்கினால் பாதி வீண். இரண்டு மணிநேரம் தள்ளி, எலுமிச்சைச் சாறோடு விழுங்குவது நல்லது. மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து இரண்டு மணிநேரம் தொடர்ந்தாலோ, மயக்கம் வந்தாலோ, 108-ஐ அழையுங்கள். சென்னையில் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை, திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை ஆகியவை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே இயங்குபவை.

மாதவிடாய் முற்றிலும் நின்று ஓராண்டு ஆனவருக்கு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாமல், அந்த வாரமே சோதித்துக்கொள்ள வேண்டும். அதேபோல, பயாப்சி முடிவு வருமுன் "எதற்கும் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், கோப்பையும் நாட்காட்டியையும் எடுத்துக்கொண்டு இன்னொரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.