வௌவால் புழுக்கையில் பூச்சி தேடுவது எப்படி

எங்கள் ஊர் தாமிரபரணிப் பாசனம். ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில் இலைமூக்கு வௌவால்கள் தொங்குகின்றன. கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்திலும் அவை எந்தப் பூச்சியைத் தின்கின்றன என்று என் பள்ளிப் பிள்ளைகளோடு நான்கு வருடமாகப் பார்த்து வருகிறேன். வௌவாலைத் தொடவே வேண்டாம், கீழே விழும் புழுக்கை போதும்.

முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். காய்ந்த புழுக்கைத் தூசியில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சை இருக்கலாம். துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. குட்டிகள் இருக்கும் மாதங்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம். தாய் பதறிப் பறந்தால் குட்டி கீழே விழுந்துவிடும்.

இருட்டி வௌவால்கள் வெளியே போனதும், அவை தொங்கும் இடத்துக்கு நேர் கீழே பழைய வெள்ளை வேட்டியை விரியுங்கள். மறுநாள் இரவு அவை திரும்ப வெளியே போன பிறகு எடுங்கள். பழைய குவியலில் அள்ளினால் எந்த மாதத்துச் சாப்பாடு என்றே தெரியாது.

வேட்டியில் எலிப் புழுக்கையும் பல்லி எச்சமும் கிடக்கும். பல்லி எச்சத்தின் நுனி வெள்ளையாக இருக்கும். எலியுடையது காய்ந்தால் கெட்டி. வௌவாலுடையதை நசுக்கினால் பொலபொலவென்று உதிரும், தூளில் பூச்சி ஓட்டின் மினுமினுப்பு தெரியும். தவளைக்காலோ பெரிய இறக்கையோ கிடந்தால், தவளை, பல்லியெல்லாம் பிடிக்கும் பெரிய காது வௌவாலும் அங்கே தங்குகிறது என்று அர்த்தம். அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, தேதி எழுதுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். முதல் வருடம் 20 புழுக்கைகளை ஒரே தட்டில் கரைத்துவிட்டோம். எத்தனை புழுக்கையில் வண்டு இருந்தது என்று சொல்லவே முடியாமல் போனது.

அப்புறம், ஒரு புழுக்கையைச் சிறு தட்டில் 70% ஆல்கஹாலில் ஊறவைத்து, இளகியதும் இரண்டு ஊசிகளால் மெதுவாகப் பிரியுங்கள். 10 முதல் 40 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கி போதும். பூச்சியின் ஓடு எளிதில் செரிப்பதில்லை, அதனால் துண்டுகள் மிஞ்சும். தடித்துப் பளபளப்பது வண்டின் முன்னிறக்கை. பொடிப்பொடியான செதில் அந்துப்பூச்சியுடையது. மழைக்கு மறுநாள் எடுத்த ஒரு புழுக்கை முழுக்க ஈசல்தான்: மெல்லிய தவிட்டு நிற இறக்கைத் துணுக்குகள், நடுவில் ஒரு முழுத் தலை. பிள்ளைகள் அன்று வீட்டுக்குப் போகவே மறந்துவிட்டார்கள்.

கணக்கு எளிது. 20 புழுக்கையில் 14-இல் வண்டு இருந்தால் 70%. ஆனால் ஒன்றிரண்டு செதிலை வைத்து அந்துப்பூச்சி என்று எழுதிவிடாதீர்கள், செதில் எங்கும் ஒட்டிக்கொள்ளும். மெல்லுடல் பூச்சிகள் தடயமே இல்லாமல் செரித்துப்போவதும் உண்டு, அதனால் வண்டின் பங்கு கூடுதலாகத் தெரியும்.

துண்டு எதனுடையது என்று பிடிபடவில்லையா? வயல் ஓரத்தில் வெள்ளைத் துணி கட்டி, விளக்கு வைத்து, அங்கே வரும் பூச்சிகளைச் சேகரியுங்கள். கால், கொம்பு, இறக்கை என்று தனித்தனியே பிரித்து அட்டையில் ஒட்டிவைத்தால், புழுக்கைத் துண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். எங்களிடம் இப்போது அப்படி 3 அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன.