விர்ட்டின் காலும் மாட்டு ராஜாவும்: தடைக்காலத்தில் எழுதிய வழிமுறை

மண்டபத்தில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவனுக்கு வருஷத்தில் இரண்டு மாதம் கை ஓய்ந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுக்குத் தடைக்காலம். படகு போகாவிட்டால் ஐஸ் யாருக்கு? அந்த நாட்களில் கச்சான் காற்று மணலை வாரி ஜன்னலில் அடிக்கும்போது, கதவைச் சாத்திவிட்டு நான் டயாப்ளோ 2 என்ற கணினி விளையாட்டை ஆடுவேன். இருபது வருஷத்துக்கு மேலாக இதே கதைதான்.

இந்தத் தடைக்காலத்தில் அக்கா மகன் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தான். "மாமா, அதுல மாடுங்க மட்டுமே இருக்கிற ரகசியத் தளம் ஒண்ணு இருக்காமே, சும்மா விடுறாய்ங்களா?" என்று கேட்டான். சும்மா இல்லை மாப்ள, இருக்கிறது. அங்கே ஒரு ராஜாவும் இருக்கிறது. அவனுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த மாடு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது ஒரு நகைச்சுவை. முதல் டயாப்ளோவில் ட்ரிஸ்ட்ரம் என்ற ஊரில் சும்மா நிற்கும் மாடு ஒன்று உண்டு. அதைச் சொடுக்கினால் கத்தும், அவ்வளவுதான். ஆனால் இத்தனை தடவை சொடுக்கினால் ரகசியக் கதவு திறக்கும் என்று எவரோ கிளப்பிவிட, ஆட்கள் மணிக்கணக்கில் மாட்டைக் குத்திக்கொண்டிருந்தார்கள். எந்தக் கதவும் திறக்கவில்லை. டயாப்ளோவை வெளியிட்ட ப்ளிஸ்ஸார்ட் கம்பெனி 1998-இல் ஸ்டார்கிராஃப்ட் என்ற வேறொரு ஆட்டத்தை வெளியிட்டபோது, "மாட்டுத் தளம் என்று ஒன்று கிடையாது" என்பதையே அதில் ஏமாற்றுக் குறியீடாக வைத்தது. அதைத் தட்டினால் நீங்கள் ஆடும் கட்டம் அப்போதே ஜெயம். பிறகு 2000-இல் டயாப்ளோ 2 வந்தது. இல்லை என்று சொன்ன தளத்தை அதற்குள் உண்மையாகவே கட்டி வைத்திருந்தார்கள். இரண்டு காலில் நின்று, கையில் நீளமான கோடரிக் கம்பு பிடித்து, "மூ மூ" என்று ஓடிவரும் மாடுகள். கத்துவது மாடு மாதிரி இருக்காது, மனுஷன் வாயால் சொல்வது மாதிரியே இருக்கும். நடுராத்திரி ஹெட்போனில் முதல் தடவை கேட்டபோது நான் சிரித்த சிரிப்பில் அம்மா எழுந்து வந்துவிட்டார்.

சரி, வேலைக்கு வருவோம்.

உள்ளே போவதற்கு முன் ஆட்டத்தை ஒருமுறை முடித்திருக்க வேண்டும். லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்ஷன் என்ற கூடுதல் பாகம் சேர்ந்த பதிப்பு என்றால் ஐந்தாம் பாகத்தின் கடைசியில் வரும் பேல் என்ற அரக்கனைக் கொன்றிருக்க வேண்டும். சேராத பழைய பதிப்பு என்றால் டயாப்ளோ என்ற அரக்கனைக் கொன்றாலே போதும். நார்மல், நைட்மேர், ஹெல் என்ற மூன்று கடினநிலைக்கும் இது தனித்தனி. நார்மலில் முடித்துவிட்டு நைட்மேரில் போய்த் திறக்கப் பார்த்தால் திறக்காது. மருமகன் இங்கேதான் அரைநாள் வீணாக்கினான். நைட்மேரில் பாதிதான் வந்திருக்கிறான், காலையும் எடுத்துவிட்டான், பொருள்களைப் போட்டு அழுத்தினால் வேறொன்றாக்கும் கியூப் என்ற பெட்டியையும் அழுத்துகிறான், ஒன்றும் நடக்கவில்லை. லேப்டாப் கெட்டுவிட்டது என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தான்.

கால் என்றேனே, அது விர்ட் என்ற பையனுடைய மரக்கால். முதல் டயாப்ளோவில் ஊருக்கு ஒதுக்குப்புறமாக நின்று திருட்டுத்தனமாகச் சாமான் விற்பான். சாமானைக் காட்டுவதற்கே 50 தங்கக்காசு கேட்பான். எங்கள் ஊர் மீன் ஏலத்தில்கூடக் கூடையை எட்டிப் பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள். இரண்டாம் ஆட்டத்தில் ட்ரிஸ்ட்ரம் எரிந்து கிடக்கிறது, விர்ட்டும் செத்துக் கிடக்கிறான். அவன் உடலைச் சொடுக்கினால் அந்தக் காலும் கொஞ்சம் தங்கமும் விழும். வாங்கின காசு இப்போதாவது திரும்பி வருகிறதே.

ட்ரிஸ்ட்ரமுக்குப் போகும் வழி ஸ்டோனி ஃபீல்டில் நிற்கும் ஐந்து கற்கள். முதல்முறை என்றால் டார்க் வுட்டில் உள்ள மரத்திலிருந்து சுருளை எடுத்து, ஊரில் இருக்கும் அகாரா என்ற பெண்ணிடம் கொடுத்து, அவர் எழுதித்தரும் வரிசைப்படி கற்களைத் தொட வேண்டும். நீங்கள்தான் ஏற்கெனவே ஆட்டத்தை முடித்தவராயிற்றே, அதனால் ட்ரிஸ்ட்ரமில் அடைபட்ட கெயின் என்ற பெரியவரை மீட்கும் அந்த வேலையை அந்தக் கடினநிலையில் செய்திருப்பீர்கள். அப்படியென்றால் கற்களுக்கு நடுவே சிவப்பு வாசல் தானாகவே திறந்திருக்கும். ஸ்டோனி ஃபீல்டில் வேபாயின்ட் (ஊரிலிருந்து நொடியில் போய் இறங்கும் இடம்) இருக்கிறது, அங்கிருந்து நடை. தனியாக ஆடும்போது கடினநிலையை மாற்றாதவரை வரைபடம் மாறாது என்பதால், கற்கள் எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு போகலாம். ட்ரிஸ்ட்ரமில் கிரிஸ்வோல்ட் என்ற பழைய கொல்லர் பிணமாக உலாவிக்கொண்டிருப்பார். அவரைக் கண்டுகொள்ளாமல்கூடக் காலை எடுத்துக்கொண்டு வரலாம்.

அடுத்து டவுன் போர்ட்டல் டோம். நின்ற இடத்திலிருந்து ஊருக்கு வாசல் திறக்கும் சுருள் இல்லை, அந்தச் சுருள்களை வைக்கும் புத்தகம். அகாராவிடம் விற்பனைக்குக் கிடைக்கும். இரண்டு வாங்குங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், இரண்டு. ஒன்று கியூபுக்குள் போய் ஒழிந்துவிடும். கையில் வைத்திருந்த ஒரே புத்தகத்தையும் போட்டுவிட்டு உள்ளே போனவன், நூறு மாடு துரத்தும்போது நின்ற இடத்தில் ஊருக்கு வாசல் திறக்க வழியில்லாமல், வந்த சிவப்பு வாசல் எங்கே என்று தேடி ஓட வேண்டியதுதான்.

முதல் பாகத்தின் ஊரான ரோக் என்கேம்ப்மென்டில் நின்றுகொண்டு, ஹொராட்ரிக் கியூபுக்குள் காலையும் புத்தகத்தையும் மட்டும் வைத்து அழுத்துங்கள். வேறு ஒரு மருந்துப்புட்டிகூட உள்ளே இருக்கக் கூடாது. வேறு ஊரில் நின்று அழுத்தினாலும் திறக்காது. எல்லாம் சரியாக இருந்தால் பக்கத்திலேயே சிவப்பு வாசல் எழும்பும். ஓர் ஆட்டத்துக்கு ஒரு வாசல்தான். வெளியேறிவிட்டு மறுபடி வந்தால் காலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் கரைக்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு எச்சரிக்கை உண்டு. கரண்ட். காற்றுக் காலத்தில் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் 'கீக் கீக்' என்று கத்த ஆரம்பித்தால் ராஜாவாவது மந்திரியாவது, உடனே எஸ்கேப்பைத் தட்டிச் சேமித்துவிட்டு வெளியே வாருங்கள். தளம் போனால் போகட்டும், ஆளும் சேர்த்து வைத்த பொருளும் மிஞ்சும். என்னுடைய யுபிஎஸ் பேட்டரி உப்புக்காற்றில் முனை பூத்துப்போய் நாலு நிமிஷம்தான் தாங்கும். அந்த நாலு நிமிஷத்தில் ராஜாவைப் பிடித்துவிடலாம் என்று நினைத்து ஒருமுறை நான் மோசம் போயிருக்கிறேன்.

இனி உள்ளே. மருமகனுக்கு நான் சொன்ன முதல் வார்த்தை இது: வடமாடு மஞ்சுவிரட்டில் மாடு ஒன்று, ஆள் ஒன்பது. இங்கே ஆள் ஒன்று, மாடு நூறு. அதனால் வீரம் காட்டாதே.

இந்த மாடுகளுக்கு மந்திரம் தெரியாது, தூரத்திலிருந்து எறியவும் தெரியாது. பக்கத்தில் வந்து வெட்டுவது மட்டுமே தெரியும். ஒன்றிரண்டு வந்தால் பொருட்டே இல்லை. ஆனால் ஒன்று உங்களைப் பார்த்துவிட்டால் அதன் கூட்டமே திரும்பும். சூழ்ந்துகொண்டால் அடி வாங்கி வாங்கி உங்கள் ஆள் நிலைகொள்ள மாட்டார், கையை ஓங்குவதற்குள் அடுத்த அடி விழும். ஆகவே சூழவிடாமல் இருப்பதுதான் முழு வித்தையும்.

கரைவலை இழுத்துப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் கயிறு பிடித்து, ஓரத்திலிருந்து மெதுவாக ஒடுக்கிக்கொண்டே வருவார்கள். மடி கடைசியாகத்தான் கரையேறும். அவசரப்பட்டு நேரே மடிக்குப் போனால் மீன் முழுக்க ஓடிவிடும். மாட்டுத் தளத்தையும் அப்படித்தான் ஆட வேண்டும். நுழைந்த வாசலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டடி முன்னே போய், ஒரு கூட்டத்தைப் பார்வையில் இழுத்து, நாலடி பின்னே வாருங்கள். அவை ஓடிவரும்போது தானாகவே நீளமாக வரிசை கட்டும். அங்கே அடியுங்கள். அப்புறம் ஓரமாகவே தளத்தைச் சுற்றி வாருங்கள். நட்டநடுவில் போய் நிற்காதீர்கள்.

எந்த ஆளை வைத்து ஆடுவது என்று கேட்டால் என் ஓட்டு ஈட்டி எறியும் பெண் வீரரான அமேசானுக்கு. லைட்னிங் ஃபியூரி ஈட்டியை எறிந்தால் பட்ட இடத்திலிருந்து மின்னல் பிரிந்து பக்கத்தில் நிற்பதையெல்லாம் தாக்கும், கூட்டம் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. டிக்காய் என்ற போலி உருவத்தை முன்னே நிறுத்தினால் மாடுகள் அதை வெட்டிக்கொண்டிருக்கும், நாம் பின்னாலிருந்து வேலையைப் பார்க்கலாம். மருமகன் பிணங்களை ஏவும் மந்திரவாதியான நெக்ரோமான்ஸர் ஆடுகிறான். அவனுக்கும் குறையில்லை. ஒரே ஒரு மாடு செத்தால் போதும், அந்தப் பிணத்தை வெடிக்க வைத்து அடுத்தவற்றைச் சாய்த்து, அவற்றையும் வெடிக்க வைத்துப் பட்டாசுச் சரம் மாதிரி கொளுத்திக்கொண்டே போகலாம். அவன் முதன்முதலில் அந்தச் சரத்தைக் கொளுத்தியபோது திரையில் சிவப்பைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை. "மாமா, எங்க என் ஆளு?" என்று தேடினான். ஆள் நன்றாகத்தான் இருந்தான், மாடுதான் ஒன்றும் இல்லை. வாள் பிடிக்கும் ஆட்களைப் பற்றி எனக்கு அவ்வளவு ஆர்வம் கிடையாது. வேலியிலோ தளத்தின் ஓரத்திலோ முதுகைச் சாய்த்து நின்றால் இரண்டு மூன்று மாடு மட்டும்தான் கிட்டே வர முடியும், அது போதும்.

தனியாக ஆடும்போது ஸ்லாஷ் பிளேயர்ஸ் என்று தட்டி எட்டு வரை எண் கொடுத்தால், அத்தனை பேர் ஆடுவதாகக் கணக்குப் போட்டு மாடுகளின் உயிரும் கிடைக்கும் பொருளும் கூடும். முதல் தடவை வேண்டாம்.

இப்போது ராஜா. பெரும்பாலும் மரவேலி அடைத்த ஒரு பட்டிக்குள், காவல் மாடுகள் சூழ நிற்கும். தளத்தில் ஒன்றே ஒன்று. பெயர் எழுத்து வேறு நிறத்தில் இருப்பதால் சுட்டியை மேலே கொண்டுபோனால் தெரிந்துவிடும். நைட்மேரிலும் ஹெல்லிலும் அதற்குக் கூடுதல் குணங்கள் ஏறும், அது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். அதனால் பெயருக்குக் கீழே எழுதியிருப்பதைப் படிக்காமல் கிட்டே போகாதீர்கள். அடித்தால் மின்னல் தெறிக்கும் குணம் என்றால் விலகி நின்று அடியுங்கள், வேகம் கூடின குணம் என்றால் பின்னே ஓடிப் பிரயோஜனமில்லை, போலி உருவத்தையோ எலும்புக்கூடுகளையோ முன்னே தள்ளுங்கள். பட்டியின் வாசலில் நின்று உள்ளேயிருக்கிற காவல் மாடுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துச் சாய்த்துவிட்டால், கடைசியில் ராஜா தனியாக வரும். தனியாக வந்த ராஜா வெறும் மாடுதான்.

ஆனால் கொல்வதற்கு முன் உங்கள் பதிப்பைப் பாருங்கள். இது எனக்கு விழுந்த அடி. 2004-இல் ராமநாதபுரத்தில் பாலிடெக்னிக் படித்தபோது, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஓர் அமேசானை வளர்த்தேன். சாப்பாட்டுக் காசு பூராவும் அதில்தான். ஹெல்லில் ராஜாவைச் சாய்த்தபோது கடையே திரும்பிப் பார்த்தது, கடைக்கார அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாள் காலும் புத்தகமுமாகப் போய் அழுத்தினால் கியூப் ஊமையாக இருக்கிறது. பழைய பதிப்புகளில் ராஜாவைக் கொன்றவர் அந்தக் கடினநிலையில் மறுபடி வாசல் திறக்க முடியாது என்பது அப்போது எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. பிற்பாடு வந்த திருத்தத்தில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இன்று புதுப்பித்த பதிப்பில் ஆடுகிறவர்களும், 2021-இல் வந்த ரிசரெக்டட் ஆடுகிறவர்களும் தாராளமாகக் கொல்லலாம். எங்கிருந்தோ காப்பியடித்த பழைய சிடியில் ஆடுகிறீர்கள் என்றால் ராஜாவைத் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு மற்ற மாடுகளை மட்டும் அடியுங்கள்.

கிடைப்பது என்ன என்றால், ராஜாவிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ராஜாவின் கொம்பு, தோல், குளம்பு என்று மூன்று சாமான் கொண்ட ஒரு கவசத் தொகுதியே ஆட்டத்தில் இருக்கிறது, ஆனால் ராஜாவை வெட்டினால் அது விழும் என்று நம்பியிருக்கக் கூடாது. உண்மையான வரும்படி கூட்டத்தில் இருக்கிறது. எண்ணிக்கை அதிகம் என்பதால் ரத்தினக் கற்களும் ரூன் என்ற எழுத்துக் கற்களும் அவற்றைப் பதிக்கக் குழி உள்ள வெற்று ஆயுதங்களும் கொட்டிக்கொண்டே இருக்கும். பை நிறைந்தால் அந்த இரண்டாவது புத்தகத்தைத் திறந்து ஊருக்குப் போய் இறக்கிவிட்டு வாருங்கள்.

மருமகன் போன ஞாயிற்றுக்கிழமை நார்மலில் ராஜாவைச் சாய்த்தான். விழுந்தது ஒரு ஓட்டைத் தொப்பியும் கொஞ்சம் தங்கமும். அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே அக்கா சத்தம் போட்டாள். என்ன என்று எட்டிப் பார்த்தால், பக்கத்து வீட்டு மாடு வாசலில் காயப்போட்டிருந்த நெத்திலிக் கருவாட்டு விரிப்பை மிதித்துக்கொண்டு நிற்கிறது. அவன் ஓடிப்போய் விரட்டினான். அது அசையவில்லை.