சைக்கிளில் போகும்போது கார் இடித்துவிட்டதா? சிங்கப்பூரில் அடுத்து செய்ய வேண்டியவை

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்துக்குள் சட்டென்று திரும்பிய ஒரு கார், போன ஆண்டு என்னைச் சைக்கிளோடு சாய்த்துவிட்டது. மணிக்கட்டு எலும்பில் கீறல், சைக்கிளின் முன்பக்கம் காலி. இழப்பீடு கடைசியில் வந்துவிட்டது. ஆனால் எந்த அலுவலகம் முதலில், எந்தப் படிவம் எதற்கு என்று தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

ஹெல்மெட், விளக்கு, சாலை விதி எதையும் இங்கே தொடப்போவதில்லை. சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு அது தெரிந்திருக்கும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காப்புறுதி நிறுவனத்தில் உங்கள் கோப்பைப் பார்க்கப்போகிறவர் அந்த இடத்தில் இருந்தவர் இல்லை. முதல் 24 மணி நேரத்தில் நீங்கள் சேர்த்த படமும் காகிதமும்தான் அவருக்குத் தெரிந்த விபத்து. கீழே உள்ள எல்லாமே அதற்காகத்தான்.

படி 1: எழுந்து நிற்க அவசரப்படாதீர்கள்

நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் உடனே எழுந்து உடையைத் தட்டிவிட்டுக்கொள்ளத் தோன்றும். வேண்டாம். கழுத்தோ முதுகோ வலித்தால் படுத்தபடியே இருங்கள். ஹெல்மெட்டையும் கழற்றாதீர்கள். தலையில் அடி, நினைவு தப்பியது, குமட்டல், நிற்காத ரத்தம் என்றால் 995. உயிருக்கு ஆபத்தில்லாத காயத்துக்கு டாக்சியே போதும், அல்லது 1777-ஐ அழைத்தால் கட்டண ஆம்புலன்ஸ் வரும்.

இடத்தைச் சொல்லத் தெரியவில்லையா? பக்கத்தில் இருக்கும் விளக்குக் கம்பத்தைப் பாருங்கள், அதில் ஓர் எண் இருக்கும். சாலையின் பெயரோடு அந்த எண்ணைச் சொன்னால் போதும். பிறகு காவல்துறைப் புகாரிலும் இதே எண்ணை எழுதலாம்.

யாருக்காவது பலத்த காயம் என்றால், காவல்துறை அனுமதி இல்லாமல் வண்டிகளை நகர்த்தக் கூடாது. சட்டமே அப்படித்தான். சிறு காயம்தான் என்றால், படம் எடுத்துக்கொண்டு ஓரமாக வந்துவிடுங்கள்.

படி 2: படம், விவரம், சாட்சி

முதல் படம் காரின் எண்பலகை. மற்றதெல்லாம் அதற்கப்புறம். கார் கிளம்பிப் போனாலும் அந்த ஒரு படம் கையில் இருக்கும். பிறகு சைக்கிள் விழுந்து கிடக்கும் இடம், சாலைக் கோடுகள், சமிக்ஞை விளக்கு, காரில் கீறல் விழுந்த பகுதி, உங்கள் காயம். தனித்தனிப் படங்களைவிட, மெதுவாக ஒரு சுற்று வந்து எடுத்த ஒரே காணொளிதான் எனக்குப் பிடிக்கும். எது எங்கே இருந்தது என்பது அதில் தப்பாது.

ஓட்டுநர் பெயர், முகவரி, தொலைபேசி எண், காப்புறுதி நிறுவனம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். விபத்து நடந்த இடத்தில் நின்று விவரம் தருவது அவருடைய சட்டக் கடமை. கெஞ்ச வேண்டியதில்லை.

பின்னால் வந்த கார்களில் கேமரா இருக்கும். ஒரு கார் நின்றால் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பேருந்து நின்றிருந்தால் அதன் சேவை எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். புளோக்கில் உள்ள கண்காணிப்புக் கேமராப் பதிவை நீங்கள் கேட்டால் கையில் தந்துவிட மாட்டார்கள், விசாரணை அதிகாரி கேட்க வேண்டும். அந்தப் பதிவுகள் கொஞ்ச நாளில் அழிந்துவிடும். அதனால் கேமரா எங்கே இருக்கிறது என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

இந்த நேரத்தில்தான் ஓட்டுநர் தணிந்த குரலில், “நமக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாமே, பேநவ் பண்ணிவிடுகிறேன்” (கைபேசியிலேயே பணம் அனுப்பிவிடுகிறேன்) என்பார். காரணம் இருக்கிறது. பல ஆண்டுகள் இழப்பீட்டுக் கோரிக்கை இல்லாமல் ஓட்டிய தனியார் காருக்குக் காப்புறுதிச் சந்தாவில் 50 விழுக்காடு வரை தள்ளுபடி கிடைக்கும். உங்களுக்கு இழப்பீடு போனால் அந்தத் தள்ளுபடி அடிபடும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் உங்கள் உடம்பில் என்ன ஆகியிருக்கிறது என்று தெரியாத நேரத்தில் விலை பேசாதீர்கள். “டாக்டரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று நிறுத்திக்கொள்ளுங்கள். தவறு உங்கள் பக்கமா அவர் பக்கமா என்றும் அங்கே பேச வேண்டாம்.

கருவிகளைப் பற்றி என் கருத்து: ஹேண்டில்பாரில் மாட்டும் கேமராவைவிடப் பின்விளக்கோடு சேர்ந்து வரும் கேமராவுக்குக் காசு செலவழிக்கலாம். பின்னாலிருந்து வந்து இடிக்கும் வண்டி முன்கேமராவில் தெரியாது.

படி 3: அன்றைக்கே மருத்துவர்

வலி இல்லை என்பதை நம்பாதீர்கள். விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு. அதில் அடிக்கடி அடிபடுவது மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தில் இருக்கும் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு. கட்டைவிரலை விரித்து நீட்டிப் பாருங்கள். அதன் அடியில் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி தெரியும். அங்கே விரலால் அழுத்தினால் சுரீரென்று வலிக்கிறதா? அப்படியானால் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். இந்த எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சாதாரணம். கட்டுப் போட்டு அனுப்பி, பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள். எனக்கும் இரண்டாவது படத்தில்தான் தெரிந்தது. கவனிக்காமல் விட்டால் அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்து, சேராமலே போகக்கூடும்.

தலையில் அடிபட்டிருந்தால் அடுத்த ஓரிரு நாள் வீட்டில் யாராவது கூட இருக்கட்டும். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மருத்துவரிடம் எல்லா வலியையும் சொல்லுங்கள், சின்ன முழங்கால் சிராய்ப்பு வரைக்கும். அன்று பதிவாகாத வலியை மூன்று மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். “கார் இடித்தது” என்ற காரணமும் குறிப்பில் இருக்கட்டும். எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்), பில், டாக்சி ரசீது எல்லாம் ஒரே கோப்பில் போகட்டும். சிராய்ப்பு நிறம் மாறி மறைகிற வரை நாளுக்கொரு படம் எடுத்து வையுங்கள்.

படி 4: 24 மணி நேரத்துக்குள் காவல்துறைப் புகார்

சைக்கிளோட்டியோ பாதசாரியோ சம்பந்தப்பட்ட விபத்து என்றால், காயம் சின்னதாக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லிவிட வேண்டும். “கார்க்காரர் சொல்லிவிடுவார்” என்று இருந்துவிடாதீர்கள். அவர் சொல்வது அவர் கதை. அருகிலுள்ள அக்கம்பக்கக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். விசாரணையைப் பிறகு போக்குவரத்துக் காவல்துறை எடுத்துக்கொள்ளும்.

புகாரில் கோபம் வேண்டாம். எந்தச் சாலை, எந்தத் தடம், எந்தத் திசை, விளக்கு என்ன நிறம், கார் எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் பட்டது என்று எழுதினால் போதும். வேகம் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். ஆங்கிலத்தில் சொல்லத் தயக்கமாக இருந்தால் தமிழில் சொல்கிறேன் என்று கேளுங்கள், மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்வார்கள். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டச் சொல்லி, சரி என்று தோன்றினால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். புகார் எண் இனி எல்லா இடத்திலும் தேவைப்படும்.

படி 5: காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதுவது

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நீங்கள் கோர வேண்டியது ஓட்டுநரிடம் இல்லை, அவருடைய காப்புறுதி நிறுவனத்திடம். நிறுவனத்தின் பெயர் தெரியாவிட்டால், பொதுக் காப்புறுதிச் சங்கத்தின் இணையச் சேவையில் வண்டி எண்ணையும் விபத்துத் தேதியையும் கொடுத்து, சிறு கட்டணம் கட்டித் தெரிந்துகொள்ளலாம். ஓட்டுநரும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் தன் நிறுவனத்துக்கு விபத்தைத் தெரிவித்திருக்க வேண்டும். “எங்களிடம் எந்த அறிக்கையும் வரவில்லையே” என்று பதில் வந்தால் பயப்படாதீர்கள். காவல்துறைப் புகார் எண்ணை அனுப்பினால் போதும்.

எல்லாம் மின்னஞ்சலில்தான். வாட்ஸ்அப்பில் பேசுவது சுலபம்தான், ஆனால் ஆள் மாறினால் உரையாடல் தொலைந்துவிடும். தொலைபேசியில் பேசினாலும் “இன்று பேசியபடி” என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.

காயத்தையும் சைக்கிளையும் இரண்டு தனிக் கோரிக்கைகளாகப் பாருங்கள். கட்டாய மோட்டார் காப்புறுதி என்று சட்டம் கேட்பது உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் உண்டான பாதுகாப்பை. சைக்கிள் பொருட்சேதத்தில் வரும். அதைப் பெரும்பாலான காப்புறுதிகள் ஏற்கும், இருந்தாலும் அது வேறு கணக்கு.

சைக்கிளை உடனே பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள். நிறுவனம் ஆளனுப்பிப் பார்க்கட்டும், அல்லது “பார்க்கத் தேவையில்லை” என்று எழுத்தில் சொல்லட்டும். அதற்குள் சைக்கிள் கடையில் எழுத்து மதிப்பீடு வாங்குங்கள். “முன்பக்கச் சேதம், மொத்தம் இவ்வளவு வெள்ளி” என்ற ஒற்றை வரி செல்லாது. ரிம், ஃபோர்க், ஹேண்டில்பார், கியர் ஹேங்கர், கூலி என்று தனித்தனியாக வேண்டும். கார்பன் ஃபோர்க் என்றால் ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து மேலிருந்து கீழாக மெல்லத் தேய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் அந்த இடத்தில் பஞ்சு நூல் சிக்கி நிற்கும். என் ஃபோர்க்கில் பெயிண்ட் கீறல் போலத்தான் இருந்தது, பஞ்சுதான் காட்டிக்கொடுத்தது. ஹெல்மெட் தரையில் மோதியிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கலாம். அதையும் பட்டியலில் சேருங்கள். பழைய சைக்கிளுக்குப் புது விலை தர மாட்டார்கள், தேய்மானம் கழிப்பார்கள். கேரோசல் விற்பனைச் செயலியில் வாங்கிய சைக்கிள் என்றால் அந்த உரையாடலும் பணம் அனுப்பிய பதிவும் ரசீதுக்குப் பதிலாக உதவும்.

இப்போது முக்கியமான இடம். சைக்கிளுக்கான தொகையை ஒத்துக்கொண்ட பிறகு எனக்கு ஒரு படிவம் வந்தது. தொகை சரிதான். ஆனால் கீழே ஒரு பத்தியில், இந்த விபத்து தொடர்பான எல்லாக் கோரிக்கைகளும் இத்துடன் முழுமையாகவும் இறுதியாகவும் முடிந்தன என்று இருந்தது. மணிக்கட்டுக்கு அப்போது இரண்டாவது எக்ஸ்ரேகூட எடுத்திருக்கவில்லை. கையெழுத்துப் போட்டிருந்தால் காயத்துக்கான கோரிக்கையும் சேர்ந்தே போயிருக்கும். “இந்தத் தொகை சைக்கிளுக்கும் பொருட்சேதத்துக்கும் மட்டுமே, உடற்காயத்துக்கான கோரிக்கையை இது பாதிக்காது” என்று திருத்தித் தரும்படி மின்னஞ்சல் போட்டேன். இழுத்தடித்தார்கள், ஆனால் திருத்தித் தந்தார்கள். உங்களுக்கும் இந்தப் படிவம் வரும். கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள்.

படி 6: வக்கீல் வேண்டுமா?

சைக்கிளும் இரண்டு நாள் எம்சியும் மட்டும் என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, சம்பள இழப்பு, தவறு யாருடையது என்ற தகராறு என்றால் வக்கீல் வைப்பதுதான் நல்லது. மோட்டார் விபத்துக் கோரிக்கைகளை மதிப்பிட இணையத்தில் மாகோ என்றொரு இலவசச் சேவை இருக்கிறது. கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் யார் மேல் எத்தனை விழுக்காடு பொறுப்பு, காயத்துக்கு எவ்வளவு என்று ஒரு தோராயம் தரும். வக்கீலைப் பார்ப்பதற்கு முன் அதைச் செய்து பாருங்கள்.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாமே என்று பலர் நினைக்கிறார்கள். மோட்டார் வாகன விபத்துச் சேதத்தை அது எடுத்துக்கொள்ளாது. 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் மாவட்ட நீதிமன்றம். உடற்காயத்துக்கு வழக்குத் தொடுக்க 3 ஆண்டு அவகாசம் உண்டு.

மருத்துவமனை வாசலிலோ தொலைபேசியிலோ “இழப்பீட்டில் இத்தனை பங்கு தந்தால் போதும்” என்று வருகிறவரை அப்படியே திருப்பி அனுப்புங்கள். காய வழக்கில் இழப்பீட்டிலிருந்து பங்கு கேட்க இங்கே வக்கீல்களுக்கு அனுமதி இல்லை. தரகருக்கு மட்டும் ஏது?

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

*கார் நிற்காமல் போய்விட்டது.* எண் தெரியாவிட்டாலும் புகார் கொடுங்கள். ஓட்டுநர் அகப்படாத விபத்துகளிலும் காப்புறுதி இல்லாத வண்டிகளிலும் காயமடைந்தவர்களுக்கென்றே மோட்டார் காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் எம்ஐபி என்ற அமைப்பு இருக்கிறது. காவல்துறைப் புகார் இல்லாமல் அங்கே கதை நகராது.

*ஜொகூர் பதிவு எண் கொண்ட கார்.* வெளிநாட்டு வண்டி என்றாலும் கட்டாயம் புகார் கொடுக்க வேண்டும். இங்கே செல்லுபடியாகும் காப்புறுதி இல்லாமல் அது உள்ளே வர முடியாது. எண்பலகையை மட்டும் தவறாமல் படமெடுங்கள்.

*தங்குவிடுதியிலிருந்து வேலைக்குச் சைக்கிளில் போகும்போது இடித்தது.* துவாஸ், கிராஞ்சிப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. சொந்தச் சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில் நடந்தால், வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் பொதுவாக வராது. ஆனால் காரின் காப்புறுதியிடம் கோரும் உரிமை உங்களுக்கு முழுதாக உண்டு, வேலை அனுமதி அட்டை வைத்திருந்தாலும் சரி. முதலாளி அனுப்பிய வேலையாகப் போகும்போது நடந்தால் அந்தச் சட்டம் வரும். அதன்படி இழப்பீடு வாங்கிக்கொள்வதா, வழக்குத் தொடுப்பதா என்று ஒரு வழியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். முடிவெடுக்கும் முன் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் கேளுங்கள். “போலீஸுக்குப் போகாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று மேற்பார்வையாளர் சொன்னாலும் 24 மணி நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

*உணவு விநியோகம் செய்கிறேன்.* 2025 ஜனவரி 1 முதல் தளம்வழி (விநியோகம் போன்ற செயலிகள் மூலம்) வேலை செய்பவர்களுக்கும் வேலையிடக் காய இழப்பீடு உண்டு. செயலியில் ஆர்டர் எடுத்திருந்த நேரம்தான் இதில் முக்கியம், அதனால் அந்தத் திரையை உடனே படமெடுத்து வையுங்கள். நாள் கடந்தால் பழைய ஆர்டர்களைத் தேடிப் பிடிப்பது தலைவலி.