எமர்ஜென்சி வாசலில் நாம் செய்கிற தவறுகள்

“நாங்கதான் முதல்ல வந்தோம்!” மதுரையில் பெரியாஸ்பத்திரி ஆனாலும் சரி, தனியார் ஆஸ்பத்திரி ஆனாலும் சரி, அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் குரல் காதில் விழும். கை ஒடிந்து வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, பிறகு வந்த பெரியவரை நேராக உள்ளே தள்ளிக்கொண்டு போவார்கள். யாரோ வேண்டியவர் போல என்று நமக்குத் தோன்றும்.

அது ரேஷன் கடை வரிசை இல்லை. நுழைந்ததுமே நாடி, பிரஷர், மூச்சு, ஆக்சிஜன் அளவு, நினைவு எல்லாம் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துவிடுவார்கள். சிவப்பு என்றால் இப்போதே பார்க்காவிட்டால் உயிர் போய்விடும். பச்சை என்றால் பொறுக்கலாம். உங்களை உட்காரச் சொன்னால் ஒரு வகையில் நல்ல சேதிதான். அதற்காக வாயை மூடிக்கொண்டும் இருக்கக் கூடாது. மூச்சு வாங்கினாலோ மயக்கம் வந்தாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள், நிறம் மாறும்.

என் சித்தப்பாவுக்கு ஒருநாள் விடியற்காலை நெஞ்சு எரிந்தது. கேஸ்தான் என்று ஒரு சோடாவைக் குடித்தார். ஒரு மணி நேரம் கழித்து மகனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அலங்காநல்லூரிலிருந்து வந்தார். இசிஜி எடுத்தால் மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார், ஆனால் வழியில் மயங்கி விழுந்திருந்தால் ஓட்டுகிற பையன் என்ன செய்வான்? 108-இல் ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற ஆளும் உண்டு. நெஞ்சு வலிக்காரருக்கு வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்பது நடைமுறை. அதனால் “ஒரு மாதிரியா இருக்கு” என்று இழுக்காமல் “நெஞ்சு வலி” என்றே சொல்லுங்கள்.

பக்கவாதத்தில் டாக்டர் முதலில் கேட்பது, “கடைசியா எப்ப நல்லா இருந்தார்?” ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். காலை 6 மணிக்கு எழுந்திருக்கும்போதே கை விளங்கவில்லை என்றால் கணக்கு 6 மணியிலிருந்து இல்லை, ராத்திரி நன்றாகப் பேசிவிட்டுப் படுத்த நேரத்திலிருந்து. குத்துமதிப்பாக ஒரு நேரத்தைச் சொல்லிவைப்பது பெரிய தவறு. வாய் கோணியவருக்குத் தண்ணீரோ காபியோ புகட்டுவதும் அப்படித்தான், அது நுரையீரலுக்குள் போய்விடும்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து வயல்காட்டிலிருந்து பாம்புக்கடி வரும்போது நடப்பது வேறு கதை. கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள், பிளேடால் கீறியிருப்பார்கள், பாம்பையும் அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். மூன்றும் வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். உள்ளே கொஞ்சம் ரத்தம் எடுத்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிடுவார்கள். “பாம்பு கடிச்சு வந்திருக்கோம், ஒண்ணுமே பண்ணாம நிக்கிறாங்க” என்று சத்தம் போடுவது இந்த நேரத்தில்தான். அந்தக் குழாயைச் சாய்த்துப் பார்த்து, ரத்தம் உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அந்த 20 நிமிடம்தான் அங்கே நடக்கிற பரிசோதனை.

பூச்சிமருந்து குடித்தவரை “வயித்து வலி” என்று சொல்லிச் சேர்ப்பதும் உண்டு. போலீஸ் பயம்! ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதுவது ஒரு பதிவு, தண்டனை இல்லை. எந்த மருந்து என்று தெரியாமல் டாக்டர் தடுமாறுவதுதான் ஆபத்து. பாட்டிலைக் கையோடு கொண்டுவாருங்கள்.

சாலை விபத்து என்றால் பணத்துக்கு அலைந்து நேரத்தை விடாதீர்கள். 2021-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை உண்டு.

அப்புறம், வேனில் பன்னிரண்டு பேர் வந்து இறங்குவது. உள்ளே ஒருவர் போதும். அவருக்கு நோயாளி சாப்பிடும் மாத்திரைகள் தெரிந்திருக்க வேண்டும். “சின்னதா வெள்ளையா இருக்கும் டாக்டர்” என்றால் அவர் என்ன செய்வார்? ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையும் வெள்ளையாக இருக்கலாம், சுகர் மாத்திரையும் வெள்ளைதான். பேர் ஞாபகம் வராவிட்டால் அலமாரியில் இருக்கிற அட்டைகளையெல்லாம் பழைய சீட்டோடு அள்ளி ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வண்டி ஏறுங்கள்.