ஓய்வுக்குப் பிறகு அறிவியல் புனைகதை: எழுதித் தாமே வெளியிட விரும்புவோருக்கு

அறுபது வயதுக்குப் பிறகு முதல் அறிவியல் புனைகதை நாவலை எழுத அமர்பவர், அன்றாடம் வெளியாகும் அறிவியல் செய்திகளைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை. முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரே துறையில் உழைத்தவருக்கு, அங்குள்ள இயந்திரங்கள் எப்படி இயங்குகின்றன என்பதோடு, எந்த நிலையில் அவை பழுதாகும், பழுதானால் நள்ளிரவில் யார் யாரை எழுப்புவார்கள், யார் பொறுப்பைத் தட்டிக்கழிப்பார்கள் என்பதும் தெரியும். வாசகரை நம்பவைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது அறிவுதான். ஆகவே நாவலுக்கான கருவைத் தொலைதூர விண்மீன்களில் தேடுவதற்கு முன், நீங்கள் விட்டு வந்த பணியிடத்தில் தேடுங்கள்.

மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு மின்தொகுப்பு (மின்நிலையங்களையும் மின்தடங்களையும் இணைக்கும் வலையமைப்பு) 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது என்பதும், தேவை உற்பத்தியை விஞ்சினால் அந்த அதிர்வெண் சரியும் என்பதும், சரிவு எல்லை மீறினால் ரிலேக்கள் எனும் பாதுகாப்புக் கருவிகள் தாமாகவே சில பகுதிகளைத் துண்டித்து எஞ்சியதைக் காப்பாற்றும் என்பதும் அவருக்குப் பாலபாடம். 2012 ஜூலை 30, 31 ஆகிய நாள்களில் வட இந்தியத் தொகுப்பு அடுத்தடுத்து வீழ்ந்ததையும், இரண்டாம் நாளில் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்துகொள்ள, அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் மின்சாரம் இழந்ததையும் அவர் துறைக்குள்ளிருந்து கவனித்திருப்பார். அடுத்த ஆண்டின் கடைசி நாளில் தென்னகத் தொகுப்பும் மற்றவற்றோடு இணைந்து, நாடு முழுவதும் ஒரே தொகுப்பாயிற்று. இப்போது அவர் ஒரேயொரு கற்பனையைச் சேர்க்கட்டும்: நெருக்கடியில் எந்த ஃபீடரை, அதாவது ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் தடத்தை, நிறுத்துவது என்ற முடிவு முழுவதும் ஒரு மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டுவிடுகிறது. அரசு மருத்துவமனைக்குச் செல்லும் இணைப்பு, அரிசி ஆலை, கிராமத்துக் குடிநீர் மோட்டார் ஆகியவற்றுள் எது முதலில் அணையும், அந்த வரிசையை அது எதைக்கொண்டு கற்றது, துணைமின்நிலையத்தில் இரவுப் பணியில் இருப்பவருக்கு அதை மீறும் துணிவு வருமா என்ற கேள்விகளிலேயே முந்நூறு பக்கங்களுக்கான கதை இருக்கிறது.

கற்பனை ஒன்றே போதும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். ஒரு புதிய கருதுகோளை வாசகர் மனமுவந்து ஏற்பார். மூன்றாவது வரும்போது ஐயப்படத் தொடங்குவார். மற்ற அனைத்தும் நாமறிந்த இயற்பியலுக்கும் மனித இயல்புக்கும் கட்டுப்பட வேண்டும். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே வானொலிச் செய்தி ஒருமுறை செல்ல, கோள்களின் நிலையைப் பொறுத்து, ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். இதை மறந்து, செவ்வாயில் இருக்கும் மகளும் மதுரையில் இருக்கும் தாயும் தொலைபேசியில் உரையாடுவதாக எழுதினால் நாவல் அங்கேயே உடைந்துபோகும். மாறாக, தாய் கேட்ட கேள்விக்கு நாற்பது நிமிடங்கள் கழித்து விடை வருவதாக அமைத்தால், அந்த இயற்பியல் விதியே உங்களுக்கு ஒரு காட்சியை எழுதித் தந்துவிடும். எழுதத் தொடங்கும் முன்பே கருதுகோளையும் அதன் விளைவுகளையும், கதையில் வரும் கருவிகளின் பெயர்களையும் ஆண்டுகளையும் தனிக் குறிப்பேட்டில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள். இருநூறாம் பக்கத்தில் நினைவு துணைக்கு வராதபோது அது கைகொடுக்கும்.

கையால் எழுதிப் பழகியவர்கள் அப்படியே எழுதலாம். தட்டச்சுக்குக் கொடுக்கும்போது மட்டும், ஒருங்குறியில் (யூனிகோட்) தான் தட்டச்சிட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைந்த கோப்பு மின்னூலாகும்போது பொருளற்ற குறிகளாக மாறிவிடும். கண்ணும் விரலும் ஒத்துழைக்காதவர்களுக்குக் குரல்வழித் தட்டச்சு இன்று தமிழிலும் ஓரளவு நன்றாகவே இயங்குகிறது. ஒற்றுப்பிழைகளைப் பின்னர் திருத்திக்கொள்ள வேண்டும்.

முதல் வரைவு முடிந்ததும் இருவரிடம் படிக்கக் கொடுங்கள். ஒருவர் உங்கள் துறையை நன்கறிந்தவராகவும், மற்றவர் அத்துறையை அறவே அறியாதவராகவும் இருக்கட்டும். முன்னவர் பிழைகளைக் காட்டுவார்; பின்னவர் எந்தப் பக்கத்தில் படிப்பதை நிறுத்தினார் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டால் போதும். துறை வல்லுநர்கள் எழுதும் நாவல்களில் விளக்கம் மிகுந்து கதை தேங்குவது வழக்கமாதலால், அந்த இரண்டாமவரின் சொல்லுக்கே நான் கூடுதல் மதிப்பளிப்பேன். கையில் இருக்கும் பணம் குறைவென்றால், அட்டைப்படத்தில் சிக்கனம் பிடித்தாவது ஒரு நல்ல பதிப்பாசிரியருக்கும் மெய்ப்புத் திருத்துநருக்கும் ஊதியம் கொடுங்கள்.

இனி வெளியீடு. அமேசான் கிண்டில் தளம் தமிழ் மின்னூல்களை ஏற்கிறது. அதற்கு ஐஎஸ்பிஎன் எனும், நூலை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண் தேவையில்லை. இந்திய விற்பனையில் 70 விழுக்காடு ராயல்டி பெற, குறிப்பிட்ட விலை வரம்புக்குள் நூலை வைத்து, அத்தளத்தின் கேடிபி செலக்ட் எனும் தனியுரிமைத் திட்டத்திலும் சேர வேண்டும். இல்லையேல் 35 விழுக்காடே கிடைக்கும். சேர்ந்தால் 90 நாள்களுக்கு மின்வடிவத்தை வேறெங்கும் வெளியிட முடியாது. அச்சு நூலுக்கு, கேட்கும்போது மட்டும் அச்சிடும் முறையே ஏற்றது. ஆயிரம் படிகளை அடித்து வீட்டில் அடுக்கிவைக்க வேண்டாம். ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளம் வழியாகக் கட்டணமின்றிப் பெறலாம், எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். அந்த எண்ணுக்குப் பெருந்தொகை கேட்பவர்களிடம் கவனமாக இருங்கள். மொத்தத் தொகைக்கு எல்லாவற்றையும் செய்து தருவதாகச் சொல்லும் நிறுவனங்களிடம் கையெழுத்திடும் முன், காப்புரிமை யாரிடம் இருக்கும், அட்டை மற்றும் பக்க வடிவமைப்புக் கோப்புகள் உங்கள் கைக்கு வருமா, ஒப்பந்தத்திலிருந்து எப்படி விலகுவது என்ற மூன்றுக்கும் எழுத்து வடிவில் விடை பெறுங்கள்.

நூலை நீங்களே வெளியிடும்போது சட்டத்தின் பார்வையில் பதிப்பாளரும் நீங்கள்தான். 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, நூல் வெளியான 30 நாள்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். பலரும் விட்டுவிடும் இக்கடமையைத் தவறாமல் செய்யுங்கள். விற்பனை நின்ற பின்னும் நூல் ஓரிடத்தில் கிடைக்க இதுவே உறுதியான வழி. முதல் வாசகர்களை உங்கள் துறையின் ஓய்வூதியர் சங்கத்திலும் மாவட்ட நூலகத்தின் வாசகர் வட்டத்திலும் தேடுங்கள்; முன்பின் அறியாதவர்களுக்கு விளம்பரம் செய்வதைவிட அது பயன் தரும்.

பிந்திய வயதில் எழுத வருபவர்கள் உயிலையும் கருத்தில் கொள்ள வேண்டும். இந்தியாவில் காப்புரிமை ஆசிரியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. நாவலின் உரிமை யாருக்கு என்பதை உயிலில் பெயர் குறித்து எழுதுங்கள். ராயல்டி வரவாகும் வங்கிக் கணக்கு, கிண்டில் கணக்கின் விவரம், மூலக் கோப்புகள் இருக்கும் இடம் ஆகியவற்றை அவருக்குத் தெரிவித்து வையுங்கள். அச்சேறாத கைப்பிரதிகளையும் அந்தப் பட்டியலில் சேருங்கள்: உயிலில் வேறு விதமாகச் சொல்லாதவரை, கைப்பிரதியைப் பெறுபவருக்கே அதன் காப்புரிமையும் சேரும் என்பதே சட்டம்.