பழைய நிரல்கள் ஓட வேண்டுமா? ஹைக்குவில் ஒரு செய்முறை

சொந்தமாக ஓர் இயங்குதளம் எழுத ஆசைப்படுகிறவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "லினக்ஸ் நிரல்கள் இதில் ஓடுமா?" என்பதுதான். கேள்வி மொண்ணையானது. ஏற்கெனவே தொகுத்து வைத்த நிரல், அதாவது கணினி நேரடியாக ஓட்டும் இருமக் கோப்பு, அப்படியே ஓட வேண்டுமா, மனிதர் எழுதிய மூல நிரலை மறுபடி தொகுத்தால் போதுமா, கோப்பைப் பரிமாறிக்கொண்டால் போதுமா, வன்பொருள் இயக்கிகளை இரவல் வாங்கினால் போதுமா? இந்த நான்கும் தனித்தனிப் பொருத்தங்கள், செலவும் தனித்தனி. நான்கையும் ஒரே இடத்தில் கண்ணால் பார்க்க ஏற்ற இயங்குதளம் ஹைக்கு.

அதன் கதை சுருக்கமாக: பி (Be) என்ற நிறுவனம் உருவாக்கிய பிஓஎஸ் இயங்குதளம், 2000-இல் ஐந்தாம் வெளியீட்டைக் கண்டது. 2001-இல் அந்த நிறுவனத்தின் சொத்துகளை, கையடக்கக் கருவிகள் செய்த பாம் (Palm) நிறுவனம் வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு ஆர்வலர்கள் சிலர் பிஓஎஸ்ஸை முதலிலிருந்து திரும்ப எழுதத் தொடங்கினார்கள். 2004-இல் அந்தத் திட்டத்துக்கு ஹைக்கு என்று பெயர் வந்தது. பிஓஎஸ் ஐந்துக்காகத் தொகுத்த நிரல்கள் கைபடாமல் ஓட வேண்டும் என்பது அவர்கள் தமக்கே விதித்துக்கொண்ட நிபந்தனை.

படி 1: நிறுவுதல்

ஹைக்குவின் தளத்திலிருந்து ஆர்1 பீட்டா 5 வெளியீட்டின் 32 பிட் படிமத்தை இறக்குங்கள். 64 பிட் அல்ல, காரணம் பிறகு தெரியும். கணினிக்குள் மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் செயலியில் ஒரு ஜிபி நினைவகமும் எட்டு ஜிபி வெற்று வட்டும் கொண்ட இயந்திரம் ஒன்றை உருவாக்கி, படிமத்தைக் குறுவட்டாக இணையுங்கள். வலைப்பின்னல் அட்டையாக இன்டெல் ப்ரோ/1000 வகையைத் தேர்ந்தெடுங்கள். தொடங்கியதும் வரும் திரையில் நிறுவும் வழியைத் தேர்ந்து, வெற்று வட்டை ஹைக்குவின் சொந்தக் கோப்பு முறைமையான பிஎஃப்எஸ் வடிவில் அமைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: இரண்டு தொகுப்பிகள்

டெர்மினலைத் திறந்து, மூல நிரலை இருமக் கோப்பாக மாற்றும் ஜிசிசி தொகுப்பியின் பதிப்பை 'ஜிசிசி --வெர்ஷன்' என்று கேளுங்கள். (கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதுகிறேன். தட்டச்சும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகள்தான்.) 2.95.3 என்று பதில் வரும். 2001-ஆம் ஆண்டின் தொகுப்பி! இப்போது அதே கட்டளைக்கு முன்னால் 'செட்ஆர்ச் எக்ஸ்86' என்று சேர்த்துக் கேளுங்கள். இந்த முறை பதில் சொல்வது நவீன ஜிசிசி.

இவ்வளவு பழையது ஏன் இன்னும் இருக்கிறது? பிஓஎஸ்ஸின் நிரலாக்க இடைமுகம், அதாவது நிரல்கள் இயங்குதளத்திடம் வேலை கேட்கும் வழி, முழுவதும் சி++ மொழியின் வகுப்புகளால் (தரவும் செயற்கூறுகளும் சேர்ந்த கட்டமைப்புகள்) ஆனது. வகுப்பின் உறுப்புகள் நினைவகத்தில் எந்த வரிசையில் அமரும், செயற்கூறின் பெயர் இருமக் கோப்பில் எப்படிப் பதியும் என்பதையெல்லாம் தொகுப்பிதான் முடிவு செய்கிறது. ஜிசிசி 3 வந்தபோது இந்த விதிகள் மாறிவிட்டன. ஆகவே பழைய நிரல் ஓட வேண்டுமானால் இயங்குதளத்தின் நூலகங்களும் பழைய தொகுப்பியால்தான் தொகுக்கப்பட வேண்டும். ஆனால் இன்றைய இணைய உலாவிக்கு அந்தத் தொகுப்பி உதவாது.

ஹைக்கு இரண்டையும் வைத்துக்கொண்டது. கோப்பு மேலாளரில் 'சிஸ்டம்' அடைவுக்குள் 'லிப்' அடைவைத் திறந்து, எல்-ஐ-பி-பி-இ என்ற பெயருள்ள நூலகத்தைத் தேடுங்கள். அதற்குள்ளேயே இருக்கும் 'எக்ஸ்86' உள்ளடைவிலும் அதே பெயரில் இன்னொன்று இருக்கும். ஒரே கூரை, இரண்டு அடுப்பு.

படி 3: காலியாக விட்ட இடங்கள்

அவசரப்பட்டு இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 'சிஸ்டம்' அடைவிலிருந்து டெவலப், ஹெடர்ஸ், ஓஎஸ், இன்டர்ஃபேஸ் என்று உள்ளே போய் விண்டோ வகுப்பின் தலைப்புக் கோப்பைத் திறங்கள். அதில் 'ரிசர்வ்ட்' என்ற சொல்லைத் தேடினால், எந்த வேலையும் செய்யாத மெய்நிகர் செயற்கூறுகள் வரிசையாகத் தென்படும். ஒரு வகுப்பின் மெய்நிகர் செயற்கூறுகளை நிரல்கள் ஓர் அட்டவணையில் இடம் பார்த்துத்தான் அழைக்கின்றன. பின்னாளில் புதுச் செயற்கூறு ஒன்றைச் சேர்க்க நேர்ந்தால் அட்டவணையின் அளவு மாறக் கூடாது, மாறினால் பழைய நிரல்கள் விழுந்துவிடும். அதற்காக முன்பதிவு செய்த இருக்கைகள் இவை. இருமப் பொருத்தத்தை நீங்கள் வாக்களித்த நாளிலிருந்து உங்கள் ஒவ்வொரு வகுப்பும் இப்படித்தான் எழுதப்பட வேண்டியிருக்கும்.

படி 4: கோப்பின் எல்லை

'பீப்பிள்' செயலியில் ஒரு தொடர்பைப் படமில்லாமல் சேமியுங்கள். கோப்பு மேலாளரில் அதன் அளவைப் பாருங்கள்: சுழியம். பெயரும் தொலைபேசி எண்ணும் கோப்பின் உள்ளடக்கமாக அல்ல, கோப்போடு ஒட்டியிருக்கும் தனிக் குறிப்புகளான பண்புகளாகச் சேமிக்கப்பட்டுள்ளன. பிஎஃப்எஸ் அவற்றை அட்டவணைப்படுத்தி வைப்பதால், முகவரிப் புத்தகத்துக்கென்று தனித் தரவுத்தளமே தேவையில்லை. எளிமை என்றால் இதுதான்.

அந்தக் கோப்பை, ஃபேட் என்ற பழைய, பொதுவான கோப்பு முறைமை வடிவில் உள்ள யுஎஸ்பி நினைவகத்துக்கு நகலெடுத்துப் பாருங்கள். பண்புகளை வைக்க அங்கே இடமில்லை, வெறும் கோப்புப் பெயர்தான் போய்ச் சேரும். ஹைக்குவிலேயே ஸிப் செய்து அனுப்பினால் பண்புகள் தங்கும். உள்ளே கிடைத்த எளிமைக்கு வெளிவாசலில் சுங்கம் கட்ட வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் ஹைக்கு செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

படி 5: இரவல் இயக்கிகள்

நீங்கள் தேர்ந்தெடுத்த இன்டெல் அட்டைக்கான இயக்கி ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளத்திலிருந்து வந்தது. ஃப்ரீபிஎஸ்டியின் மையப் பகுதியான கருவகம் போல நடிக்கும் ஒரு மெல்லிய அடுக்கை ஹைக்கு எழுதி வைத்திருக்கிறது. ஒரே அடுக்கினால் பல இயக்கிகள் கிடைத்தன, பயனருக்கு எதுவும் தெரியாது. இவ்வளவு மலிவான பொருத்தம் வேறு கிடையாது.

படி 6: 64 பிட்டில் ஒப்பிடுதல்

இப்போது 64 பிட் படிமத்தை இன்னொரு மெய்நிகர் இயந்திரத்தில் இயக்கி, இரண்டாம் படியைத் திரும்பச் செய்யுங்கள். ஒரே தொகுப்பிதான். 'எக்ஸ்86' உள்ளடைவும் இல்லை. பிஓஎஸ் நிரல்களும் ஓடாது. 64 பிட் பிஓஎஸ் என்று ஒன்று இருந்ததே இல்லை, ஆகவே காப்பாற்ற வேண்டிய இருமக் கோப்பும் இல்லை. அந்தக் கதவு திறந்ததும் ஹைக்கு பழைய தொகுப்பியை வாசலிலேயே விட்டுவிட்டது. மூல நிரல் கையில் இருந்தால் அதே செயலியை இங்கேயும் தொகுத்துக்கொள்ளலாம்.

படி 7: உங்கள் முடிவு

ஒரு தாளில் இருமம், மூல நிரல், கோப்பு, இயக்கி என்று நான்கு வரிகள் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதனால் பயனடையப்போகும் ஆள் யார் என்று குறியுங்கள். ஹைக்குவுக்கு பிஓஎஸ் பயனர்கள் இருந்தார்கள். உங்கள் புதிய இயங்குதளத்துக்கு அப்படி யாரும் இல்லையென்றால் முதல் வரியைத் தயங்காமல் அடித்துவிடுங்கள். மூல நிரலுக்கு நியூலிப் போன்ற ஒரு சி நூலகத்தைக் கொண்டு வாருங்கள், அது உங்கள் கருவகத்திடம் கேட்பது சுமார் இருபது அழைப்புகள்தான். அவற்றிலும், ஓடும் நிரலை இரண்டாகப் பிரதியெடுக்கும் 'ஃபோர்க்' அழைப்பை முதல் சுற்றில் பிழைக்குறி திருப்பும் வெற்றுச் செயற்கூறாகவே விட்டுவைக்கலாம். முதலில் எழுத வேண்டியவை எழுத்து, வாசிப்பு, நினைவக ஒதுக்கீடு.